என் கணினியில் ஓடுகிறது, நண்பரின் கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது!

கேள்வி: சி ஷார்ப் மொழியில் புரோகிராம் எழுதக் கற்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு ஃபோல்டரில் உள்ள சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) ஃபைல்களை எல்லாம் படித்து, தேதிவாரியாகக் கூட்டி, கிரிடில் (கட்டம் போட்ட அட்டவணையில்) காட்டும் வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ஜன்னல்கள் அமைக்க உதவும் தொகுப்பு) புரோகிராம் ஒன்று எழுதினேன். பத்து ஃபைல் இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது. ஆயிரம் ஃபைல் என்றால் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று உறைந்துவிடுகிறது. த்ரெட் போட்டுப் பார்த்தேன், வேறு ஏதோ பிழை வந்தது. நண்பரின் கணினியிலோ டபுள் கிளிக் செய்தால் எதுவுமே திறப்பதில்லை, பிழைச்செய்தி கூடக் கிடையாது. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதிவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். புதிதாக எழுதினாலும் எழுதப்போவது அதே கைதான். அதே இடத்தில் மறுபடி முட்டிக்கொள்வீர்கள். உங்களிடம் இருப்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள், கூடவே முதல் கோளாறுக்குப் பார்த்த வைத்தியத்தில் முளைத்த மூன்றாவது ஒன்று. ஒரே புரோகிராமில் சேர்ந்து வந்ததால் எல்லாமே குழம்பிப்போனதாகத் தெரிகிறது.

முதலில் உறைந்துபோவதைப் பார்ப்போம். ஜன்னல் உள்ள விண்டோஸ் புரோகிராம் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். மவுஸ் க்ளிக், கீ அழுத்தம், ‘இந்த ஜன்னலை மறுபடி வரை’ என்ற உத்தரவு எல்லாம் செய்திகளாக அதில் வந்து நிற்கும். த்ரெட் என்பது புரோகிராமுக்குள் வேலை செய்யும் ஓர் ஆள் மாதிரி. ஜன்னலைப் பார்த்துக்கொள்ளும் ஆளான யூஐ த்ரெட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் அப்படி வந்த ஒரு செய்திதான். உங்கள் க்ளிக் ஃபங்ஷன் முடியும்வரை அடுத்த செய்தியை எடுக்க ஆள் இல்லை. சுமார் 5 விநாடி யாரும் வரிசையைக் கவனிக்கவில்லை என்றால், விண்டோஸ் உங்கள் ஜன்னலின் இடத்தில் அதே உருவில் ஒரு போலி ஜன்னலை வைத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதிவிடும். புரோகிராம் சாகவில்லை, வேலையில் மூழ்கிக் கிடக்கிறது. பொறுமையாக விட்டால் ஆயிரம் ஃபைலும் முடிந்தபின் தானே எழுந்து வரும்.

இதை நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். உறைந்திருக்கும்போது விஷுவல் ஸ்டுடியோவுக்கு வந்து, டீபக் மெனுவில் ‘பிரேக் ஆல்’ கொடுங்கள். த்ரெட்ஸ் ஜன்னலில் மெயின் த்ரெட்டைத் தேர்ந்தெடுத்து, கால் ஸ்டாக்கைத் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலை) திறந்தால், அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஃபைல் படிக்கும் வரியில் நிற்கலாம், கிரிடில் சேர்க்கும் வரியிலும் நிற்கலாம். மூன்று நான்கு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நின்றால், நேரத்தைத் தின்பது அதுதான். பக்கத்திலேயே டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிபியு எகிறிக்கொண்டிருந்தால் உங்கள் லூப் உழைக்கிறது. சிபியு, டிஸ்க் இரண்டுமே பூஜ்யத்தில் கிடந்தால் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. அது வேறு நோய், அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, வைத்தியம். ஃபைல் படிக்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரியுங்கள். அதற்குள் லேபிள், கிரிட், டெக்ஸ்ட்பாக்ஸ் எதையும் தொடக் கூடாது. ஃபோல்டர் பெயரை வாங்கி, கூட்டிய முடிவைத் திருப்பித் தந்தால் போதும். பிறகு க்ளிக் ஃபங்ஷனுக்கு முன்னால் ‘அசிங்க்’ என்று சேருங்கள் (பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், நல்ல பிள்ளைதான்). உள்ளே அந்த ஃபங்ஷனை ‘டாஸ்க் டாட் ரன்’ வழியாக அழைத்து, முன்னால் ‘அவெய்ட்’ போடுங்கள். படிக்கும் வேலை பின்னணித் த்ரெட்டுக்குப் போய்விடும், யூஐ த்ரெட் தன் வரிசைக்குத் திரும்பிவிடும். முடிவு வந்ததும் ‘அவெய்ட்’டுக்கு அடுத்த வரி யூஐ த்ரெட்டிலேயே தொடரும். அதனால் அங்கே கிரிடைத் தாராளமாகத் தொடலாம்.

கூட இரண்டு விஷயம். ஜன்னல் இப்போது உயிரோடு இருப்பதால், பயனர் அதே பட்டனை இன்னொரு முறை அழுத்துவார். தொடங்கும்போது பட்டனை முடக்கி, ‘ஃபைனலி’ பகுதியில் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் பகுதி) மறுபடி இயக்கிவிடுங்கள். இன்னொன்று, கிரிடில் ஒவ்வொரு வரியாகச் சேர்ப்பது. வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதுவே ஜன்னலை உறைய வைக்கும். அந்த வேலை யூஐ த்ரெட்டில் நடந்தே ஆக வேண்டியது என்பதால், ‘அவெய்ட்’ அங்கே கைகொடுக்காது. டேட்டா டேபிள் ஒன்றைப் பின்னணியில் நிரப்பி, கடைசியில் ஒரே தடவை கிரிடின் டேட்டா சோர்ஸாகக் கொடுத்துவிடுங்கள்.

இணையத்தில் தேடினால், லூப்புக்குள் ‘டூ ஈவென்ட்ஸ்’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார். போட்டால் ஜன்னல் அசையும், உண்மைதான். ஆனால் முதல் க்ளிக் பாதியில் நிற்கும்போதே இரண்டாவது க்ளிக் அதே ஃபங்ஷனுக்குள் நுழைந்துவிடும். கூட்டுத்தொகை இரட்டிப்பாக வரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உறைந்த ஜன்னலைவிடப் பெரிய தலைவலி.

இனி த்ரெட் போட்டபோது வந்த பிழை. செய்தியின் வாசகத்தை நீங்கள் எழுதவில்லை. ‘கிராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்’ என்றுதான் இருந்திருக்கும். ஒரு கன்ட்ரோலை உருவாக்கிய த்ரெட் மட்டும்தான் அதைத் தொடலாம் என்பது விதி. உங்கள் புதிய த்ரெட் நேராகப் போய் கிரிடைத் தொட்டிருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தச் சோதனை இயல்பாக டீபக்கர் (விஷுவல் ஸ்டுடியோவின் பிழை தேடும் கருவி) இணைந்திருக்கும்போதுதான் நடக்கும். வெளியே எக்ஸி ஃபைலை நேரடியாக ஓட்டினால் பல நேரம் பிழை எதுவும் வராது. ‘வெளியே நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று சிலர் அந்தச் சோதனையையே அணைத்துவிடுவார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். தவறு அங்கேயேதான் இருக்கும். ஒரு நாள் கிரிட் பாதி வரைந்தபடி நிற்கும், இன்னொரு நாள் காரணமே இல்லாமல் மூடிக்கொள்ளும். மேலே சொன்ன ‘அவெய்ட்’ முறைக்கு மாறினால் இந்தப் பிழைக்கே இடமில்லை. ‘எத்தனை ஃபைல் முடிந்தது’ என்று நடுவில் காட்ட வேண்டுமானால், ‘புரோகிரஸ்’ என்ற கிளாஸ் இருக்கிறது. அதை க்ளிக் ஃபங்ஷனுக்குள் உருவாக்கிப் பின்னணி வேலைக்குக் கொடுத்துவிட்டால், எண்ணிக்கையை யூஐ த்ரெட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

காத்துக்கிடக்கும் நோய் என்றேனே, அது பெரும்பாலும் ‘அவெய்ட்’ போட வேண்டிய இடத்தில் ‘டாட் ரிசல்ட்’ போடுவதால் வருவது. யூஐ த்ரெட் முடிவுக்காகக் காத்திருக்கும், அந்த வேலையின் கடைசித் துண்டு யூஐ த்ரெட்டுக்காகக் காத்திருக்கும். ‘நீ முதலில் போ’, ‘இல்லை, நீ போ’ என்று வாசலிலேயே நிற்பார்கள். எத்தனை மணி நேரம் விட்டாலும் எழாது.

நீங்கள் போட்ட த்ரெட் இன்னொரு வேலையும் செய்திருக்கலாம். ஜன்னலை மூடிய பிறகும் புரோகிராம் டாஸ்க் மேனேஜரில் உட்கார்ந்திருக்கும். அடுத்த தடவை பில்ட் செய்தால் (கோடை ஓடக்கூடிய ஃபைலாக மாற்றினால்), ஃபைலை வேறொரு புராசஸ் பயன்படுத்துகிறது என்று மறுக்கும். நாமே உருவாக்கும் த்ரெட், ‘இஸ் பேக்கிரவுண்ட்’ என்பதை ட்ரூ ஆக்காதவரை, புரோகிராமை முடியவிடாது. டாஸ்க் மேனேஜரில் பழையதை முடித்துவிட்டு பில்ட் செய்யுங்கள்.

பில்ட் என்றதும் நினைவு வருகிறது. ஆரம்ப காலத்தில் ஒரு பிழையைத் திருத்த இரண்டு நாள் போராடினேன். என்ன மாற்றினாலும் புரோகிராம் பழையபடியே நடந்தது. கடைசியில் வெறுத்துப்போய் தலைப்பில் என் பெயரை எழுதி ஓட்டினேன், பெயரும் வரவில்லை! பில்ட் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. ‘பிழைகள் இருக்கின்றன, கடைசியாக வெற்றி பெற்ற பில்டை ஓட்டவா?’ என்று விஷுவல் ஸ்டுடியோ கேட்ட கேள்விக்கு எப்போதோ ‘யெஸ்’ கொடுத்து, ‘இனி கேட்காதே’ என்பதையும் டிக் செய்திருக்கிறேன். இரண்டு நாளும் நான் ஓட்டியது பழைய எக்ஸியைத்தான். மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் இன்றும் முதலில் அவுட்புட் ஜன்னலின் கடைசி வரியைத்தான் பார்க்கிறேன்.

இப்போது நண்பரின் கணினி. பிழைச்செய்தி இல்லை என்கிறீர்கள். இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’ போங்கள். நீங்கள் டபுள் கிளிக் செய்த நேரத்தில் சிவப்புக் குறியோடு பதிவுகள் இருக்கும். சோர்ஸ் ‘டாட்நெட் ரன்டைம்’ (சி ஷார்ப் புரோகிராமை ஓட்டும் அடித்தளம்), ஈவென்ட் ஐடி 1026 என்று இருப்பதைத் திறங்கள். ‘அப்ளிகேஷன் எரர்’, 1000 என்று ஒன்று கூடவே இருக்கும். அதைவிட 1026 தான் நமக்கு உதவும். எந்த எக்ஸெப்ஷன் (ஓடும்போது வந்த பிழை), எந்த ஃபங்ஷனில் என்பது அதில் எழுதியிருக்கும்.

ஜன்னல் எட்டிக்கூடப் பார்க்காமல் மூடுகிறது என்பதே ஒரு துப்பு. பட்டன் க்ளிக்கில் பிழை வந்தால் வின்ஃபார்ம்ஸ் ‘கன்டினியூ, க்விட்’ என்று ஒரு பெட்டியாவது காட்டும். ஆனால் ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டர் (ஜன்னலை உருவாக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) ஓடுவது செய்தி வரிசை சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால். அங்கே வெடித்தால் பெட்டி காட்ட யாரும் இல்லை, புரோகிராம் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே உங்கள் கன்ஸ்ட்ரக்டரில் ‘இனிஷியலைஸ் காம்பொனென்ட்’ தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாகத் திறந்த ஃபோல்டரையோ, செட்டிங் ஃபைலையோ அங்கே படிக்கிறீர்கள் என்றால், அந்தப் பாதை உங்கள் டெஸ்க்டாப்பைச் சுட்டுகிறதா? நண்பரின் கணினியில் உங்கள் பெயரில் ஃபோல்டர் ஏது? வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்திருந்தாலும் ஆபத்துதான். அது எக்ஸி இருக்கும் இடத்தில் தேடாது. புரோகிராமின் ‘நடப்பு ஃபோல்டர்’ எதுவோ அங்கே தேடும், அது திறக்கும் விதத்தைப் பொறுத்து மாறும். எக்ஸியோடு வரும் ஃபைல்களுக்கு ‘ஆப் கான்டெக்ஸ்ட்’டின் ‘பேஸ் டைரக்டரி’யைப் பயன்படுத்துங்கள். புரோகிராம் எழுதும் ஃபைல்களை ‘லோக்கல் அப்ளிகேஷன் டேட்டா’வில் வையுங்கள், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் சாதாரணப் பயனருக்கு எழுத அனுமதி கிடையாது.

பாதையில் குற்றம் இல்லை என்றால் என் அடுத்த சந்தேகம் தேதி. தேதிவாரியாகக் கூட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘டேட் டைம் பார்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால், அது அந்தக் கணினியின் ரீஜன் செட்டிங்கைப் பார்த்துத்தான் தேதியைப் புரிந்துகொள்ளும். 25/12/2023 உங்கள் கணினியில் டிசம்பர் 25. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருக்கும் கணினியில் 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லை, வெடிக்கும். வெடித்தால்கூடப் பரவாயில்லை. 05/06/2024 வெடிக்காது, ஜூன் 5 அங்கே மே 6 ஆகிவிடும், கூட்டுத்தொகை அமைதியாகத் தப்பாக வரும். எண்களிலும் இதே கதை: ஜெர்மன் செட்டிங்கில் 3.5 என்பதைப் படித்தால் 35 கிடைக்கும், அங்கே புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி. ‘பார்ஸ் எக்ஸாக்ட்’ போட்டு, தேதியின் வடிவத்தை நீங்களே கொடுத்து, ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’ (எந்தக் கணினியின் ரீஜன் செட்டிங்கையும் பார்க்காத முறை) என்று சொல்லிவிடுங்கள். வடிவத்தில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். மாற்றிப்போட்டுவிட்டுத் தேடியவர்கள் நிறையப் பேர். நண்பரிடம் போகாமலே இதைச் சோதிக்கலாம்: உங்கள் கணினியின் ரீஜன் செட்டிங்கைத் தற்காலிகமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

எக்ஸியை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனீர்களா? புதிய டாட்நெட்டில் சாதாரணமாக பில்ட் செய்தால், எக்ஸி என்பது ஒரு சின்னத் துவக்கி மட்டுமே. உங்கள் கோட் முழுவதும் பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் டிஎல்எல்லில் (துணை ஃபைலில்) இருக்கிறது. ஃபோல்டரை முழுதாகக் கொண்டுபோக வேண்டும், அங்கே ‘டெஸ்க்டாப் ரன்டைம்’ நிறுவியிருக்கவும் வேண்டும். வெறும் ‘ரன்டைம்’ என்ற பெயரில் இருப்பதில் வின்ஃபார்ம்ஸ் இல்லை. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ‘பப்ளிஷ்’ செய்யும்போது ‘செல்ஃப் கன்டெய்ன்ட்’ தேர்ந்தெடுங்கள். அளவு நூறு எம்பியைத் தாண்டும், ஆனால் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. 1026 பதிவில் ‘பேட் இமேஜ் ஃபார்மேட்’ என்று இருந்தால் படங்களைச் சந்தேகிக்காதீர்கள். 64 பிட் புரோகிராமும் 32 பிட் டிஎல்எல்லும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்பதற்கு அந்தப் பெயர்.

ஈவென்ட் வியூவரிலும் ஒன்றும் இல்லை என்றால், உங்கள் கோடில் ‘கேட்ச்’ என்று தேடுங்கள். உள்ளே எதுவும் எழுதாத வெற்று ‘கேட்ச்’ ஒன்றாவது அகப்படும். பிழையைப் பிடித்து வாயைப் பொத்துவது அதுதான். இப்போதைக்கு அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிபடவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது 1026 பதிவின் முழு வாசகத்தையும் நகலெடுத்து அனுப்புங்கள், பாதி மறைந்த ஸ்க்ரீன்ஷாட்டாக வேண்டாம். ‘இன்னர் எக்ஸெப்ஷன்’ இருந்தால் அதையும் சேருங்கள். அசல் காரணம் பல நேரம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஸ்டாக் ட்ரேஸில் (பிழை வந்த நேரத்துக் கால் ஸ்டாக்) மேலிருந்து கீழே வரும்போது, நீங்கள் எழுதிய ஃபங்ஷனின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ, அந்த ஃபங்ஷனின் கோடையும் கூடவே வையுங்கள்.