மஞ்சளுக்கு ஆங்கிலத்தில் டர்மரிக்கா, டூமரிக்கா?

டர்மரிக் என்றே சொல்லுங்கள். எழுத்துக்கூட்டினால் டி, யு அடுத்து ஓர் ஆர் இருக்கிறது. அமெரிக்காவில் பலர் அதை விழுங்கிவிட்டு 'டூமரிக்' என்கிறார்கள். சோம்பல் இல்லை, ஒரே சொல்லில் இரண்டு ஆர் வந்தால் ஒன்றைக் கைவிடுவது ஆங்கிலத்தில் சகஜம். பிப்ரவரியை 'ஃபெப்யுவரி' என்பதும் இதே கதைதான். மெரியம் வெப்ஸ்டர் அகராதி இரண்டையும் தருகிறது, ஆகவே டூமரிக் என்பவரைத் திருத்தப் போகவேண்டாம்.

நம்மவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். 'டர்-மெ-ரிக்' என்று மூன்று அசையையும் ஒரே கனத்தில் சொல்வோம். சிலர் 'மெ'யைப் போட்டு அழுத்துவார்கள். அழுத்தம் முதல் அசைக்கு மட்டும். அதன் உயிரொலி 'நர்ஸ்', 'டர்ன்' சொற்களில் வருவதுபோல் சற்று நீளும். நடு அசை மங்கலாக, 'ம' என்று ஓடிவிட வேண்டும். லண்டன் உச்சரிப்பில் முதல் ஆர் தனியாகக் கேட்காது, உயிர்தான் நீளும். இரண்டாவது தெளிவாக ஒலிக்கும். ட-வுக்கு நாக்கை மடிக்காதீர்கள், நுனி மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொட்டால் போதும்.

சீரகத்துக்குக் கவலையே இல்லை: கமின், க்யூமின் இரண்டும் செல்லும்.