ஒரே முட்டையில் இருந்து ஆயிரம் குளவி

கேள்வி: கோப்பாயில் கோவா (முட்டைக்கோஸ்) வைத்திருக்கிறேன். முதுகை வளைத்து நடக்கும் பச்சைப் புழு ஒன்று இலையின் அடியில் தடித்துக் காய்ந்து கிடந்தது. போத்தலில் போட்டு வைத்தேன். ஒரு கிழமையில் எறும்பை விடச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. புதுப் பீடையா? மருந்து அடிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். நீங்கள் சொல்வது கொப்பிடோசோமா என்ற ஒட்டுண்ணிக் குளவியோடு பொருந்துகிறது. அது கோவாவைத் தொடாது, ஆட்களைக் கொட்டாது.

அந்தக் காய்ந்த புழுவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல் எள்ளுருண்டை மாதிரிப் புடைத்திருக்கும். ஒவ்வொரு புடைப்பும் ஒரு குளவிக் கூட்டுப்புழு இருந்த இடம்.

இத்தனைக்கும் தாய்க்குளவி இட்டது ஒரு முட்டை, மிஞ்சினால் இரண்டு. அதையும் இந்தப் புழு பொரிக்கப்போகும் அந்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே இட்டுவிடும். சாதாரணப் பூச்சி முட்டையில் மஞ்சட்கரு நிறைய இருக்கும், உள்ளே ஒரு குஞ்சுதான் உருவாகும். இந்தக் குளவியின் முட்டையில் மஞ்சட்கரு இல்லை என்றே சொல்லலாம். புழுவின் உடற்திரவத்தில் இருந்து உணவை உறிஞ்சிக்கொண்டு, கரு பிரிந்து பிரிந்து போகும். ஒரு கரு இரண்டாகி இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்களே, அதே விதம்தான். இங்கே அது ஆயிரத்தைத் தாண்டும். கொப்பிடோசோமா புளோரிடானம் இனத்தில் ஒரு புழுவில் இருந்து 2000க்கு மேலும் வெளிவரும். ஒரு முட்டையின் பிள்ளைகள் எல்லாம் ஒரே பால். ஆணும் பெண்ணும் கலந்து வந்தால் முட்டை இரண்டு. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் போல் மார்ஷல் இப்படிக் கரு பிரிவதை இன்னொரு குளவியில் கண்டு 1898இல் அறிவித்தார்.

இன்னுமொன்று, என்னை இன்றும் வியக்க வைப்பது: அந்தக் கருக்களில் சில முந்தி வளர்ந்து காவல் புழுக்கள் ஆகும். உள்ளே நுழையும் வேறு ஒட்டுண்ணிகளைக் கடித்துக் கொல்லும். தாங்கள் குளவியாகாமலே செத்துவிடும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். குளவி பிடித்த புழு உடனே சாகாது. கடைசிப் பருவம் வரை இலையைத் தின்னும், சிலவேளை வழமையை விடக் கூடத் தின்னும். ஆகவே இந்தப் போகத்து ஓட்டையை அது குறைக்காது. ஆனால் அந்தப் புழு அந்துப்பூச்சியாகி முட்டை இடாது, அதுதான் லாபம். எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து அடித்தால் முதலில் போவது இந்தக் குளவிதான். புழு அளவுக்கு மிஞ்சினால், அவை சின்னனாக இருக்கும்போதே பி.டி. (பசிலஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பக்டீரியா மருந்து அடிக்கலாம். வரம்போரம் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள், குளவிக்குத் தேன் கிடைக்கும்.

காய்ந்த புழுக்களை நசுக்காமல் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். குளவி வந்ததும் காலையில் கோவாப் பாத்திக்கு நடுவே திறந்து விடுங்கள்.