பச்சைக் கற்பூரம் என்றால் குழந்தைக்குத் தடவலாமா?

கேள்வி: மகனுக்கு ஏழு மாதம். மூக்கடைத்து இரவெல்லாம் சிணுங்குகிறான். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சில் தடவச் சொல்கிறார் மாமியார். சூடம் கூடாது, பச்சைக் கற்பூரம் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்கிறார் கடைக்காரர். தடவலாமா?

பதில்: வேண்டாம். சூடமும் வேண்டாம், பச்சைக் கற்பூரமும் வேண்டாம். இரண்டு வயது முடியும்வரை கற்பூரம் எந்த வடிவிலும் குழந்தையின் உடம்பில் படக் கூடாது.

கற்பூரம் தடவினால் மூச்சு லேசானது போல இருக்கும், உண்மைதான். ஆனால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தூண்டப்படுவதால், காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். கற்பூரம் எண்ணெயில் எளிதாகக் கரைந்து, தோல் வழியாக இரத்தத்தில் கலந்து, மூளைக்கும் போகும். பெரியவர்களின் கல்லீரல் அதை மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். கைக்குழந்தையின் கல்லீரல் அதற்கு இன்னும் தயாராகியிருக்காது. தடவியதிலேயே வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு.

இந்த ‘இயற்கை’ வியாபாரத்தை நம்பாதீர்கள். பழைய பச்சைக் கற்பூரம் சுமத்திரா, போர்னியோ காடுகளில் ஒரு மரத்தின் வெடிப்புகளில் கிடைத்தது. போர்னியால் என்ற வேறு பொருள் அது. இன்று கடையில் விற்கும் கற்பூரம் பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனைக் கொண்டு ஆலையில் செய்தது. கற்பூர மரத்திலிருந்து வடித்து எடுத்ததாகவே இருக்கட்டும், மூலக்கூறு அதேதான், வலிப்பும் அதேதான். இதை வாங்குகிறவருக்கு யார் சொல்கிறார்கள்? ஒரே அலமாரியில் பூஜைக்கு ஒரு டப்பா, பொங்கலுக்கு ஒரு டப்பா. எதிலிருந்து செய்தது, குழந்தைக்கு ஆகுமா என்று பல டப்பாக்களில் ஒரு வரி கிடையாது. சோப்புக்குக்கூட இத்தனை விவரம் அச்சிடுகிறார்கள்!

மலிவுச் சூடத்தில் அந்துருண்டைச் சரக்கான நாப்தலீனைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். கற்பூரம் மிதக்கும், நாப்தலீன் மூழ்கும். பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையில் கொண்டுவிடும். ஆனால் துண்டு மிதந்துவிட்டதே, தடவலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சரி, கடையில் விற்கும் தைலம்? இரண்டு வயது தாண்டியவர்களுக்கு, அளவு அச்சிட்ட தைலம் என்றால் தடவலாம். அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1980களிலேயே கட்டிவைத்துவிட்டார்கள். அளவு போடாத தைலம் வேண்டாம். நெஞ்சிலும் முதுகிலும் மெல்லத் தடவுங்கள். மூக்கடியில் கூடாது, புண்ணில் கூடாது, தடவிய இடத்தில் ஒத்தடமும் கூடாது, சூட்டில் தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும். வீட்டில் கரைக்கும் எண்ணெய்க்கு இந்தச் சலுகை இல்லை, அதில் எவ்வளவு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

மகனுக்கு இப்போது மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்தும் தாய்ப்பாலும் போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

வாங்கிய டப்பாவை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். ஒரு கிராம் விழுங்கியே சிறு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். உடனே 108-ஐ அழையுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.