பத்திரிகையில் விட்டுப்போகும் போடோனி கோடுகள்

வணக்கம். தங்கையின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை மும்பை மாட்டுங்காவில் அச்சிட்டபோது, ஆங்கிலப் பெயர்களின் மெல்லிய கோடுகள் பொன்னிறத்தில் விட்டுவிட்டுப் பதிந்ததாக எழுதியிருந்தீர்கள். அச்சகத்தைக் கோபிக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த போடோனி எழுத்துருவின் இயல்பு அது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்மா நகரில் உருவான அந்த எழுத்தில் தடித்த கோடும் மயிரிழைக் கோடும் அருகருகே நிற்கும். வழவழப்பான தாளில்தான் அதன் அழகு. நீங்கள் வாங்கிய சொரசொரப்பான கைத்தாளில் மயிரிழை தங்காது.

காரமாண்டு எழுத்துருவுக்கு மாறுங்கள். 16-ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் எழுத்து. இறகுப் பேனாவின் ஓட்டம் அதில் தெரியும். தடிப்பு மெல்ல ஏறி இறங்குமே தவிர, அறுந்துபோகாது.

தமிழ்ப் பக்கத்துக்கும் போடோனி போன்ற எழுத்தைத் தேடுவதாகச் சொன்னதுதான் எனக்கு வருத்தம். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் வளைந்து வளர்ந்தது. அந்தக் கீறலில் தடிப்பும் மெலிவும் பெரிதாக வராது. அந்தச் சீரான கோடுதான் நமக்குச் செவ்வியல். உங்கள் மும்பையிலேயே ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு வடிவமைத்த முக்தா மலர் என்ற தமிழ் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது; அதைப் போட்டுப் பாருங்கள். வரி இடைவெளியை மட்டும் ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் 'மீ'யின் சுழியும் மேல்வரியில் உள்ள 'பு'வின் இறங்கு கீற்றும் மோதிக்கொள்ளும். அதே தாளில், அதே அளவில் இன்னொரு மாதிரி எடுத்த பிறகே மொத்தமாக அச்சுக்குக் கொடுங்கள்.