கேள்வி – பதில்: சோவாவே

கேள்வி: இத்தாலியின் சோவாவே வெள்ளை ஒயினில் இனிப்பே இல்லை என்கிறார்களே, பிறகு அதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது?

பதில்: திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து ஆல்கஹாலாக மாறிவிடுவதால் இனிப்பு மறைகிறது, சுவை மறைவதில்லை. வெரோனாவுக்குக் கிழக்கே, சோவாவே, மோன்டெஃபோர்தே தால்போனே ஆகிய ஊர்களைச் சூழ்ந்த குன்றுகளில் விளையும் கார்கானேகா என்ற திராட்சையே இதற்கு அடிப்படை. குறைந்தது 70 விழுக்காடு அது இருந்தாக வேண்டும் என்பது விதி. நல்ல சோவாவேயில் முதலில் வெண்மலர்களின் மணமும் பேரிக்காயின் சாயலும், நாவில் மிதமான புளிப்பும், விழுங்கிய பின் வாதுமைப் பருப்பை நினைவூட்டும் மெல்லிய கசப்பும் தோன்றும். அந்தக் கசப்பைக் குறையென்று ஒதுக்குபவர்கள் இதன் சிறப்பையே தவறவிடுகிறார்கள் என்பேன்.

சமவெளித் தோட்டங்களில் மிகுதியாக விளைவித்த திராட்சையில் செய்தது பெரும்பாலும் நீர்த்துப்போயிருக்கும். ஆகவே, பழைய குன்றுப் பகுதியைக் குறிக்கும் ‘கிளாசிகோ’ என்ற சொல் புட்டியில் உள்ளதா என்று பாருங்கள். மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும் என்பதால், சுமார் 10 முதல் 12 டிகிரியில், மீனுடனோ, ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவுடனோ பரிமாறுவது பொருத்தம். இனிப்புதான் வேண்டுமென்றால், உலர்த்திய கார்கானேகாவில் செய்யும் ரெச்சோத்தோ தி சோவாவே அங்கேயே கிடைக்கிறது.