அப்பாவின் எம்டி 90க்கு எந்தக் காபரேற்றர்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2009இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த அப்பாவின் ஹொண்டா எம்டி 90ஐப் பிறகு அடையாளம் காட்டி எடுத்து வந்தோம். இத்தனை வருசம் கொட்டிலில் கிடந்தது. என்ஜின் வேலை இப்போதுதான் முடிந்தது. பழைய காபரேற்றர் வெள்ளை பூத்திருந்ததால் சைனாக் காபரேற்றர் ஒன்று வாங்கிப் போட்டேன். ஸ்ரார்ட் ஆகிறது, ஆனால் கையை எடுத்தால் ஐடிலில் நிற்காது. ஒரு நேரம் இரைந்து ஏறும், ஒரு நேரம் செத்துப்போகும். பாதி முறுக்கில் இருமுகிறது. அக்சிலேற்றரை விட்டால் சைலன்சர் படபடக்கிறது. 22 மி.மீ காபரேற்றர் போட்டால் சரிவரும் என்கிறார்கள். போடவா?"

வேண்டாம் தம்பி. 90 சிசி என்ஜின் ஒரு தடவை இழுக்கிற காற்று கொஞ்சம்தான். அந்தக் காற்று காபரேற்றரின் ஒடுங்கிய தொண்டைக்குள்ளால் வேகமாகப் போனால்தான் ஜெற்றிலிருந்து (பெற்றோல் வருகிற துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு) பெற்றோலை உறிஞ்சி எடுக்கும். தொண்டையைப் பெருப்பித்தால் காற்றின் வேகம் குறையும். பெற்றோல் பொடியாகாமல் துளித்துளியாக வடியும். ஒழுங்கையில் மெதுவாகப் போகும்போது இழுவை இருக்காது, பெற்றோலும் கூடக் குடிக்கும். சைனாக் காபரேற்றர்களிலேயே பிசட் 22 என்ற மாதிரி பெரும்பாலும் 125 சிசிக்கு வருகிற அளவு. 90, 110க்குப் பிசட் 19தான்.

என்னைக் கேட்டால், முதலில் அப்பாவின் காபரேற்றரைக் காப்பாற்றப் பாருங்கள். அந்த என்ஜினுக்கென்றே ஸ்லைட்டின் (அக்சிலேற்றர் இழுக்க ஏறித் தொண்டையைத் திறக்கிற உருளை) வெட்டும் அதில் தொங்குகிற ஊசியின் சரிவும் ஜெற்றும் ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்த சாமான் அது. வெள்ளை பூத்தது உப்புக்காற்றின் வேலை. காபரேற்றர் உடல் துத்தநாகக் கலவை, அது அரித்தால் வெள்ளைப் பொடியாக வரும். பொடியைத் துடைத்த பிறகு மூன்று இடத்தைப் பாருங்கள்: ஸ்லைட் ஏறி இறங்குகிற குழி, திருகாணி மரைகள், கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்ததும் வழியை அடைக்கிற புளோட் ஊசி உட்காருகிற இடம். இந்த மூன்றும் சுகமாக இருந்தால் மற்றதெல்லாம் திருத்தலாம். ஸ்லைட் குழி அரித்துக் குழி விழுந்திருந்தாலோ, ஸ்லைட்டைக் கையால் ஆட்டும்போது கடகடவென்று ஆடினாலோ அதை விட்டுவிட்டு, அதே மாதிரி மோட்டார் சைக்கிளில் கழற்றிய பழைய ஜப்பான் காபரேற்றர் ஒன்று தேடுங்கள். சைனாக் காபரேற்றர் மூன்றாவது தெரிவு. அது ஓடாது என்றில்லை. ஆனால் ஜெற்றில் அடித்திருக்கிற இலக்கத்தை நம்ப முடியாது.

கழுவும்போது ஒரு கவனம். குத்துவிளக்கு விளக்குகிற நினைப்பில் சிலர் புளித்தண்ணியிலும் தேசிக்காய்ச் சாற்றிலும் இரவிரவாக ஊறப்போடுகிறார்கள். பித்தளை ஜெற் அதைத் தாங்கும், துத்தநாக உடலைப் புளிப்பு தின்றுவிடும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணி, பழைய பல்துலக்கி, கிளீனர் ஸ்பிறே, காற்று, இவ்வளவும் போதும். ஜெற்றைக் கம்பியால் குத்தவே கூடாது. மண்ணெண்ணெய்க் காலத்து வண்டிகளில் நான் கழற்றிய ஜெற்றுகள் பலவற்றின் துளை, கம்பியால் குடைந்து குடைந்து நீள்வட்டமாகிக் கிடந்தது. வலைக்காரர் வைத்திருக்கிற மெல்லிய தங்கூசியில் ஒரு துண்டு வெட்டி, அதைத் துளைக்குள்ளால் விட்டு இழுங்கள். நைலோன் பித்தளையைக் கீறாது. பிறகு ஐடிலுக்குப் பெற்றோல் போகிற பைலட் வழிக்குள் ஸ்பிறேயை அடித்துக்கொண்டு தொண்டைக்குள்ளே பாருங்கள். ஸ்லைட்டின் விளிம்புக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒன்றோ இரண்டோ துளை இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் நேரான மெல்லிய பீச்சல் வரவேண்டும். ஒன்றில் சொட்டு மட்டும் வந்தாலும் ஐடில் நிற்காது. பிறகு எந்தத் திருகாணியைத் திருகியும் பயனில்லை.

மண்ணெண்ணெய் என்றதும் இன்னொன்று. பெற்றோல் தடையிருந்த காலத்தில் துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது வன்னிக்குத் தெரிந்த கதைதான். மண்ணெண்ணெய் என்ஜினுக்குள் தாறுமாறாக வெடித்துத் தட்டாமல் இருக்கக் கொம்பிரசனைக் குறைக்க வேண்டும். அதற்காகச் சிலர் சிலிண்டருக்கு அடியில் இரட்டைக் காஸ்கற் போட்டிருந்தார்கள், தீப்பொறியைப் பிந்த வைத்திருந்தார்கள். நீங்கள் என்ஜினைப் பிரித்தபோது அப்படி ஏதும் இருந்து, அதே தடிப்பில் திரும்பப் போட்டிருந்தால், பெற்றோலில் அது சோம்பலாகத்தான் ஓடும். காபரேற்றரில் கை வைக்கமுன் அதையும், வால்வு இடைவெளியையும் (குளிர்ந்த என்ஜினில் 0.05 மி.மீ), தீப்பொறிக்குப் பொயின்ற் உள்ள வண்டியானால் அதன் இடைவெளியையும் (0.3 முதல் 0.4 மி.மீ) சரிபாருங்கள்.

இனி உங்கள் வண்டியின் நோய்க்கு வருவோம். ஐடில் ஏறி இறங்குவது, இருமல், விடும்போது படபடப்பு, மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: பெற்றோலுக்கு மிஞ்சிக் காற்று போகிறது. அது உண்மையா என்று இப்போதே பார்க்கலாம். சூடான என்ஜினில், இருமுகிற அந்த வேகத்தில், சோக்கைக் கொஞ்சம் மூடுங்கள். இருமல் குறைந்தால் காற்றுக் கூடியதுதான். இன்னும் மோசமானால் பெற்றோல் கூடியது.

காற்றுக் கூடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் ஜெற் அல்ல, காபரேற்றர் என்ஜினோடு பொருந்துகிற முகம். ஆட்கள் இரண்டு நட்டையும் பலங்கொண்ட மட்டும் இறுக்குவார்கள். நட்டுப் பூட்டுகிற காதுகள் இரண்டும் வளைந்து, நடுவில் இடைவெளி விழும். ஒரு கண்ணாடித் துண்டில் 400 இலக்க வோட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணி விட்டு, முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். முதலில் காதுப்பக்கம் மட்டும் பளபளக்கும். சுற்றிவர ஒரே மினுக்கம் வரும்வரை விடாதீர்கள். ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, நட்டுகளை மாறிமாறி, அளவோடு இறுக்குங்கள். ஐடிலில் ஓடும்போது அந்தப் பொருத்தில் கொஞ்சம் கிளீனர் ஸ்பிறே அடித்துப் பாருங்கள், சைலன்சர் பக்கம் படாமல். சத்தம் மாறினால் இன்னும் ஒழுக்கு இருக்கிறது. படபடப்பு மட்டும் மிச்சமிருந்தால் சைலன்சர் காஸ்கற்றையும் பாருங்கள்.

அடுத்தது புளோட் மட்டம், அதாவது கிண்ணத்தில் பெற்றோல் நிற்கிற உயரம். வண்டியின் கைநூலில் (மனுவல்) உள்ள அளவுக்கு அதைச் சரியாக்கிய பிறகுதான் ரியூனிங். ஐடில் கலவைத் திருகாணியில் பலர் ஏமாறுவது இங்கேதான்: திருகாணி எயர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகாணி, உள்ளே திருகினால் பெற்றோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் திருகாணி, வெளியே திருகினால்தான் பெற்றோல் கூடும். மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். கால் சுற்றாக மாற்றி, வேகம் அதிகமாகிற இடத்தில் நிறுத்தி, பிறகு ஸ்லைட்டைத் தாங்குகிற மற்றத் திருகாணியால் ஐடில் வேகத்தை இறக்குங்கள்.

மற்றதற்கு கைப்பிடியில் ஒரு ரேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனையால் கோடு போட்டுக்கொண்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் நேரான ஒரு துண்டுக்குப் போங்கள். எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெற், அதிலிருந்து கால்வரை ஸ்லைட்டின் வெட்டு, காலிலிருந்து முக்கால்வரை ஊசி, அதற்கு மேலே மெயின் ஜெற். உங்கள் இருமல் பாதியில் என்பதால், காற்றொழுக்கை அடைத்த பிறகும் அது போகாவிட்டால், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவேண்டாம்.

மெயின் ஜெற் மாற்ற நேர்ந்தால் அதே கம்பனி இலக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். கெய்ஹின் கம்பனி ஜெற்றில் 75 என்றால் துளை ஏறத்தாழ 0.75 மி.மீ. மிக்குனி கம்பனியின் அறுகோண ஜெற்றில் இலக்கம் பெற்றோல் ஓடுகிற அளவு. பழைய பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், அதில் வருகிற அமல் காபரேற்றரின் ஜெற்றும் ஓட்ட அளவில்தான். எங்கள் வெயிலில் பெரிய ஜெற் தேவைப்படாது. 35 பாகைக் காற்று 15 பாகைக் காற்றைவிட ஆறேழு வீதம் ஐதானது, அதற்குப் பெற்றோல் குறைவாகவே போதும். எயர் பில்டரை மட்டும் கழற்றிவிட்டு ஓடாதீர்கள். சோளகக் காலத்துக் கிரவல் புழுதி புதுப் பிஸ்ரனை ஒரு வருசம் விடாது, நீங்கள் செய்த ரியூனிங்கும் பில்டர் இல்லாதபோது பிழையாகிவிடும்.

சைனாக் காபரேற்றரை எறியவேண்டாம். பழையதைக் கழுவிப் பூட்டும்வரை வண்டி அதில் ஓடட்டும். முதலில் அந்த முகத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சோக் மூடியபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள்.