மிட்ஃபீல்டர் பாஸ் கொடுப்பது முதலிலா, ஸ்ட்ரைக்கர் ஓடுவது முதலிலா?

சிங்கப்பூரின் ஈசூனில் ஞாயிறுதோறும் காற்பந்து ஆடும் அணி ஒன்றின் மிட்ஃபீல்டர், அதாவது நடுத்திடலில் ஆடுபவர், கேட்டிருக்கிறார்: "பந்தை வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்தால், முன்னால் ஓடி கோல் போட வேண்டிய எங்கள் ஸ்ட்ரைக்கர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கேட்டால், ‘நான் ஓடினப்ப நீ குடுக்கலையே’ என்கிறார். தப்பு யார் பக்கம்? பாஸ் முதலிலா, ஓட்டம் முதலிலா?"

ஓட்டம்தான் முதலில். ஆனால் அந்த ஓட்டம் எப்போது தொடங்க வேண்டும் என்பதை மிட்ஃபீல்டரின் தலை சொல்ல வேண்டும். பந்து உங்கள் காலுக்கு வந்து, முதல் தொடுகையில் அடங்கி, நீங்கள் நிமிர்கிறீர்கள் பாருங்கள், அப்போது ஸ்ட்ரைக்கர் கிளம்ப வேண்டும். முன்னாலேயே கிளம்பினால் கொடுக்க ஆள் தயாராக இல்லை, அவரும் ஆஃப்சைடில், அதாவது டிஃபெண்டர்களைத் தாண்டி பாஸ் வாங்கக் கூடாத இடத்தில், போய் நிற்பார். தாமதித்துக் கிளம்பினால் அவரைக் காக்கும் எதிரணி டிஃபெண்டர் உங்கள் பாஸைப் படித்துவிடுவார். நீங்கள் இருவரும் போடும் சண்டை அந்த ஒரு விநாடியைப் பற்றியது.

இதே சண்டையை நான் இரண்டு வருஷம் போட்டிருக்கிறேன். ஃபேரர் பார்க் திடலில் ஆடிய காலம் அது. எங்கள் அணியில் பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், பாதிப் பேர் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஸ்ட்ரைக்கர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் காலையில் திடலுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் கோல் ஏதும் விழாமல் ஆட்டம் முடிந்ததும் பூட்ஸைக் கழற்றியபடியே சொன்னார்: "தம்பி, ஓடி ஓடி நெஞ்சு வலிக்குது. நீ குனிஞ்சே நிக்கிறியே." நானும் விடவில்லை. "நான் நிமிர்ந்தப்ப நீங்க ஓடலையே அண்ணே" என்றேன். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

திடலோரத்து பெஞ்சில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நன்றாக ஆடியவர் என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் மாமா என்போம். பையில் கட்டி வாங்கிய தே ஓவை (பால் இல்லாத தேநீரை) உறிஞ்சிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பந்து உங்கிட்ட வரும்போது நீ எதைப் பாக்கிற?"

"பந்தைத்தான் மாமா."

"அது எங்க போயிடப் போவுது? அது வந்து சேர்றதுக்குள்ள பின்னால ஒரு தடவை பாத்து வச்சுக்க."

அடுத்த ஞாயிறு ஒரு பயிற்சி கொடுத்தார். அண்ணன் எனக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி நிற்பார். முன்னாலிருந்து ஒருவர் எனக்குப் பந்தைத் தட்டுவார். பந்து வந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் கையில் விரல்களைக் காட்டுவார், இரண்டோ நாலோ. பந்தைத் தொடும் முன் நான் எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் எண்ணைச் சரியாகச் சொன்னால் பந்து காலுக்கு அடியில் போய்விடும், பந்தை நிறுத்தினால் எண் தெரியாது. மூன்று நான்கு வாரத்தில் இரண்டும் கைகூடின. அண்ணனுக்கு மாமா சொன்னது வேறு: "நீ பந்தைப் பாக்காத. தம்பி தலையைப் பாரு. தலை தூக்கினா ஓடு."

பின்னால் என்ன இருக்கிறது என்று முன்னமே பார்த்துவிட்டால், பந்தைத் தொட்ட பிறகு யோசிக்க வேண்டியதில்லை. என் தலை ஒரு விநாடி முன்கூட்டியே நிமிர்ந்தது. அண்ணனின் ஓட்டமும் ஒரு விநாடி முன்னால் வந்தது.

கெயிர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்திருக்கிறார். பந்து வந்து சேரும் முன் ஒரு மிட்ஃபீல்டர் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று எண்ணினார். அதிகம் திரும்பிப் பார்ப்பவர்களின் முன்னோக்கிய பாஸ்கள் அதிகம் போய்ச் சேர்ந்தன. பார்சலோனாவின் ஷாவி, செல்சியின் லாம்பார்ட் இருவரின் பழைய ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். பந்து பக்கத்தில்கூட இல்லாதபோது அவர்கள் தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஷாவி உயரமோ வேகமோ உள்ளவர் இல்லை. பந்து வரும் முன்பே அடுத்த பாஸை முடிவு செய்துவிட்டதால் அவருக்கு அவசரமே இருந்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்தை வாங்கும்போது உங்கள் நெஞ்சு உங்கள் சொந்த கோலைப் பார்த்து இருக்கிறதா, பக்கவாட்டில் திரும்பி இருக்கிறதா? பக்கவாட்டில் நின்று, பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலால் வாங்கினால் திரும்பும் வேலை மிச்சம். பாஸ் கொடுப்பவரும் அந்தக் காலுக்கே கொடுக்க வேண்டும். நம் ஞாயிறு ஆட்டங்களில் "அவன்கிட்ட குடுத்தேன்" என்பார்கள், எந்தக் காலுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

இனி ஸ்ட்ரைக்கர் பக்கம். என் மனசு அதிகம் நிற்பது இங்கேதான், ஏனென்றால் இந்த வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

2018 உலகக் கிண்ணம், பெல்ஜியம் ஜப்பான் ஆட்டம். சிங்கப்பூர் நேரம் விடியற்காலை 2 மணிக்குத் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேர பிராத்தா கடை ஒன்றில் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஜப்பான் இரண்டு கோல் போட்டு முன்னால் இருந்தது, பெல்ஜியம் இரண்டையும் திருப்பியது. மணி நாலாகப் போகிறது, கூடுதலாகக் கொடுத்த நேரமும் தீரப்போகிறது. ஜப்பான் மூலையிலிருந்து அடித்த கார்னரை பெல்ஜியம் கோல்கீப்பர் கூர்ட்வா பிடித்து டி புருய்னவிடம் உருட்டினார். அவர் நடுத்திடலில் பந்தோடு ஓடி வலப்பக்கம் முனியேவுக்குக் கொடுத்தார், முனியே குறுக்கே தட்டினார், சாட்லி கோல் போட்டார். 3-2. கடையே எழுந்து நின்றது.

மறுநாள் அந்த கோலை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பெல்ஜியத்தின் ஸ்ட்ரைக்கர் லுகாகுவை மட்டும். அவர் முன்னால் ஓடும்போது வளைந்து நடுப்பக்கம் போகிறார். அவரைக் காக்கும் டிஃபெண்டரும் கூடவே உள்ளே போகிறார். வலப்பக்கம் காலியாகிறது, முனியேவுக்கு வழி கிடைக்கிறது. பந்து குறுக்கே வரும்போது லுகாகு அதைத் தொடாமல் காலுக்கிடையில் போகவிடுகிறார், பின்னால் சாட்லி வருவது அவருக்குத் தெரியும். அந்தத் தாக்குதல் முழுவதிலும் லுகாகுவின் கால் பந்தில் படவே இல்லை. ஆனால் இரண்டு கதவையும் திறந்தது அவர்தான்.

இது புதிய வித்தையும் இல்லை. 1970 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு எதிராக பிரேசில் போட்ட நாலாவது கோலை எல்லாரும் பெலே நிதானமாக வலப்பக்கம் உருட்டிய பாஸுக்காகவும் கார்லோஸ் அல்பர்ட்டோவின் அடிக்காகவும் பேசுவார்கள். வலப்பக்கம் ஆட வேண்டிய ஜெயர்சினியோ அப்போது இடப்பக்கம் போயிருந்தார். இத்தாலி ஆளுக்கு ஆள் காத்து ஆடிய அணி; ஜெயர்சினியோவைக் காத்த ஃபக்கெட்டியும் பின்னாலேயே போய்விட்டார். அந்த வெற்றிடத்துக்குள்தான் கார்லோஸ் அல்பர்ட்டோ ஓடி வந்தார். ஜெயர்சினியோ தன் இடத்திலேயே நின்றிருந்தால் பெலேவுக்கு அங்கே பாஸ் கொடுக்க இடமே இருந்திருக்காது.

ஜெர்மனியின் தாமஸ் முல்லர் தன்னை இடத்தைப் படிப்பவன் என்ற பொருளில் ஒரு ஜெர்மன் சொல்லால் அழைத்துக்கொண்டார். 2010 உலகக் கிண்ணத்தில் 5 கோல், 2014இல் 5 கோல். பந்தோடு அவர் செய்ததில் பெரிதாக வியக்க ஒன்றும் இருக்காது. அவர் எங்கே வந்து நின்றார் என்பதில்தான் எல்லாம். நம்மவர்கள் சிங்கப்பூரின் பழைய காற்பந்து நட்சத்திரம் சுந்தரமூர்த்தியைப் பற்றிப் பேசினால் நாலு பேரை ஏமாற்றிக் கொண்டுபோன பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள், நானும் அப்படித்தான். பந்து இருந்த காலை ஞாபகம் வைத்திருப்பது சுலபம்.

உங்கள் ஸ்ட்ரைக்கரிடம் சொல்ல வேண்டியவை சில. முதலாவது, டிஃபெண்டரின் கண்ணுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடத்தில் நின்றால் டிஃபெண்டர் திரும்பிப் பார்த்தாக வேண்டும், அவர் திரும்பும் நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. அடுத்து, இரண்டடி உங்களை நோக்கி வந்துவிட்டுப் பிறகு பின்னால் பாயச் சொல்லுங்கள். டிஃபெண்டர் கூடவே முன்னால் வந்தால் அவருக்குப் பின்னால் இடம் விழும். வராவிட்டால் ஸ்ட்ரைக்கர் காலிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆஃப்சைடைப் பொறுத்தவரை, சட்டம் பார்ப்பது பாஸ் கொடுக்க உங்கள் கால் பந்தில் படும் நொடியை. கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரருக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. 1990 முதல் அப்படித்தான். அதனால் நேராக ஓடுவதைவிட, டிஃபெண்டர் வரிசையை ஒட்டிக் குறுக்கே ஓடி, நீங்கள் அடிக்கும்போது வளைந்து உள்ளே நுழைவது நல்லது. நன்றாக ஓடுபவர் அரை விநாடியில் மூன்று மீட்டருக்கு மேல் போய்விடுவார். டிஃபெண்டர் திரும்பி ஓடத் தொடங்கும்போது அந்த மூன்று மீட்டரை அவரால் பிடிக்க முடியாது.

பாஸின் கோணத்துக்கு மாமா சொல்லித்தந்த கணக்கு இன்னும் எனக்குப் பயன்படுகிறது. ஸ்ட்ரைக்கர் குறுக்கே ஓடினால் நேராகக் கொடு, அவர் நேராக ஓடினால் குறுக்கே கொடு. இரண்டும் நேராக இருந்தால் பந்து கோல்கீப்பர் கைக்குப் போகும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஓரக்கோட்டைத் தாண்டிப் போகும். திடலில் நாலு பாட்டிலை நட்டு வைத்து ஒரு தடவை செய்து பார்த்தால் புரிந்துவிடும்.

பந்தின் வேகம் எந்தத் தரையில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே பொதுத் திடல்களில் இருக்கும் அகல இலைக் கவ் கிராஸ் பந்தைப் பிடித்து நிறுத்தும், மழை பெய்து தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். செயற்கைப் புல்லில் அதே அடி கோல்கீப்பரிடம் போய் நிற்கும். ஆட்டத்துக்கு முன் பத்து நீளமான பாஸ் அடித்துப் பாருங்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்து ஆட்டம் நின்று மறுபடி தொடங்கினாலும் இன்னொரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும்.

நம் இளைஞர்கள் ஓட்டத்தைக் கற்றுக்கொள்ளாததற்குக் கூண்டு ஆட்டம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காசு கட்டி ஐந்து பேர் ஆடும் வலைக்கூண்டில் ஆஃப்சைடு பார்ப்பதில்லை. கோலுக்குப் பக்கத்தில் நின்றாலே பந்து வரும். பந்தை அடக்க, நெருக்கத்தில் தப்பிக்க அது அருமையான இடம், என் பையனையும் அங்கேதான் விட்டேன். ஆனால் எப்போது கிளம்புவது என்பதை அது கற்றுத்தராது. பெரிய திடலுக்கு வந்ததும் அவர்கள் நிற்கிறார்கள். உங்கள் ஸ்ட்ரைக்கர் கூண்டில் வளர்ந்தவராக இருந்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள், யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

தொலைக்காட்சியும் இதைக் காட்டாது, கேமரா பந்தோடு போய்விடும். இரண்டு பேரும் ஒருநாள் ஜாலான் புசார் அரங்குக்குப் போங்கள். இருக்கைகள் திடலை ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு ஒரு ஸ்ட்ரைக்கரை மட்டும் பாருங்கள். அவர் எத்தனை தடவை ஓடுகிறார், அதில் எத்தனைக்குப் பந்து வருகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலான ஓட்டங்களுக்குப் பந்து வராது. அப்படி வராத ஓட்டங்கள்தான் டிஃபெண்டர்களை இழுத்து இழுத்துக் களைப்பாக்குகின்றன, வேறொருவருக்கு இடம் தருகின்றன.

உங்கள் கேள்வியிலிருக்கும் வருத்தத்துக்கு அண்ணனும் நானும் கண்ட வழி இது. அவர் ஓடியதை நான் பார்த்துவிட்டு, பாதை அடைத்திருந்ததால் கொடுக்க முடியாமல் போனால், ஒரு கையைத் தூக்கிக் காட்டுவேன். பார்த்தேன் என்று அர்த்தம். அவர் திரும்பி மெதுவாக நடந்து தன் இடத்துக்கு வருவார். பந்து அடுத்த தடவை என் காலில் வந்து நான் நிமிரும்போது, அவர் கிளம்பியிருப்பார்.